வசைக்கு முகவரி கேட்ட நாடு

தென்கொரியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 13 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. 1968-இல் வடகொரிய அதிரடிப்படையினர் சியோலில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகே வரை ஊடுருவினார்கள். அதன் பிறகு, நம்மவர் யார், ஊடுருவியவர் யார் என்று பிரித்தறிய உருவான ஏற்பாடு இது. முதல் ஏழு இலக்கங்களைப் பார்த்தாலே பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். 2007 ஜூலையில் இந்த எண்ணுக்கு இன்னொரு வேலை வந்தது. நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் இணையதளங்களில் எதையாவது எழுத வேண்டுமானால், தான் இன்னார் என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. பெரும்பாலும் அந்த எண்ணைக் கொண்டே நிரூபித்தார்கள். திரையில் புனைபெயரோடு வரலாம். தளத்தின் பதிவேட்டில் உண்மைப்பெயர் இருந்தாக வேண்டும். இணையத்தில் வசையும் அவதூறும் பெருகும்போதெல்லாம் நம் ஊரிலும் எழுகிற யோசனைதான் இது: எல்லோரையும் சொந்தப் பெயரில் எழுத வை, தானாக அடங்கிவிடுவார்கள். ஒரு நாடு முழுவதும் ஐந்து ஆண்டுகள் இதைச் செய்து பார்த்துவிட்டது. அதன் முடிவைப் படிக்காமல் இந்த யோசனையை மறுபடி கையில் எடுப்பது சரியல்ல.

சட்டத்துக்கு ஆதரவு திரளக் காரணமான நிகழ்வுகளில் ஒன்று 2005-இல் நடந்தது. சியோல் சுரங்க ரயிலில் தன் நாய் செய்த அசுத்தத்தைத் துடைக்க மறுத்த ஓர் இளம்பெண்ணின் படம் இணையத்தில் பரவியது. அவர் யார் என்று கூட்டமாகத் தேடிக் கண்டுபிடித்து, ஊரறிய அவமானப்படுத்தினார்கள். இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அவரைத் தாக்கியவர்களின் பெயர் தெரியாமல் இருந்தது உண்மை. ஆனால் அவர் வாழ்க்கை குலைந்தது அவருடைய அடையாளம் வெளிப்பட்டதால். பெயர் என்பது அவர்கள் கையில் கிடைத்த ஆயுதம். அந்த ஆயுதத்தை எல்லோருடைய சட்டைப்பையிலும் தேடுகிற சட்டம் மருந்தாக வந்து சேர்ந்தது.

மருந்து வேலை செய்ததா? தீய நோக்கமுள்ள பின்னூட்டங்கள் 2007-இல் 13.9 சதவீதமாக இருந்தன. அடுத்த ஆண்டு அது 0.9 சதவீதப் புள்ளி மட்டுமே குறைந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தடித்த சொற்கள் குறைந்தன என்று கண்ட ஆய்வும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் யாரைக் காப்பாற்ற இந்தச் சட்டம் வந்ததோ, அவர்களை அது காப்பாற்றவில்லை. 2008 அக்டோபரில், சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, நாடறிந்த நடிகை சோய் ஜின்-சில் இணைய வதந்திகளால் அலைக்கழிக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அரசு எல்லையை இன்னும் விரித்தது. 2009-இல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் வரும் தளங்களும் சட்டத்துக்குள் வந்தன. அதற்கு உட்படாமல் இருக்க, யூடியூப் கொரியப் பக்கத்தில் காணொளி ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையும் நிறுத்திக்கொண்டது. பயனர்கள் தங்கள் நாட்டை மாற்றிக் காட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களின் கிடங்குகளை உடைத்தவர்கள் சுமார் 3 கோடியே 50 லட்சம் பயனர்களின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். அந்நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடிதான். வசை பாடாதவர்களின் எண்களும் அதில் இருந்தன. சொல்லப்போனால் அவர்கள்தான் பெரும்பான்மை. 2012 ஆகஸ்ட் 23 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டத்தை ரத்து செய்தார்கள். சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை, பயனர்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் அடங்கும்.

பெயர் தெரிந்தால் மனிதர் அடங்குவார் என்ற நம்பிக்கை எங்கே பிழைக்கிறது? 'கெட்டவன் தான் செய்வது கெட்டது என்று தெரிந்தே மறைந்து செய்கிறான்' என்று அது எடுத்துக்கொள்கிறது. இணையத்தில் பாய்கிறவர்களில் பலர் அப்படி நினைப்பதில்லை. தர்மத்தின் பக்கம் நின்று போராடுவதாகவே நம்புகிறார்கள். சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெர்மன் மொழி மனுத் தளம் ஒன்றில் 2010 முதல் 2013 வரை குவிந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அங்கே பெயரை மறைத்தவர்களைவிடச் சொந்தப் பெயரில் எழுதியவர்களே கூடுதல் ஆவேசத்தோடு எழுதியிருந்தார்கள். நியாயத்துக்காகக் குரல் கொடுக்கிறோம் என்று நினைப்பவருக்குப் பெயர் ஒரு பதக்கம். அவர் ஏன் அதை ஒளிக்கப் போகிறார்? சாதிப் பெருமைக்காகவும் மதத்துக்காகவும் தலைவருக்காகவும் பொதுவெளியில் நடக்கும் ஏச்சுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இருக்காது.

அப்படியானால் அனானிகளின் காட்டில்தான் மழையா என்று கேட்கலாம். தமிழ் வலைப்பதிவு உலகம் 'அனானி' என்று பெயரிட்ட அந்த மனிதர், வந்து ஒரு சொல்லை எறிந்துவிட்டுக் காணாமல் போகிறவர், உண்மையிலேயே தொல்லைதான். ஆனால் அனானிக்கும் புனைபெயருக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. திருநெல்வேலிக்காரரான சொ. விருத்தாசலத்தை அறியாதவருக்கும் புதுமைப்பித்தன் யார் என்று தெரியும். அந்தப் பெயரில் வந்த எழுத்துக்கெல்லாம் அந்தப் பெயரே பொறுப்பு. இணையத்திலும் ஒரே புனைபெயரில் ஐந்தாறு ஆண்டுகளாக எழுதுகிறவருக்கு இழப்பதற்கு ஏதோ இருக்கிறது. அமெரிக்காவின் ஹஃபிங்டன் போஸ்ட் 2013-இல் முதலில் நினைத்தபோது நினைத்த பெயரில் வரும் முறையைக் கட்டுப்படுத்தி, நிலையான புனைபெயர் முறைக்கு மாறியது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக் கணக்கோடு இணைக்கும் உண்மைப்பெயர் முறையைக் கொண்டுவந்தது. மூன்று கட்டங்களிலும் வந்த பல கோடிப் பின்னூட்டங்களை ஆராய்ந்தவர்கள், நிலையான புனைபெயர்க் காலத்தில்தான் மக்கள் பல கோணங்களையும் எடைபோட்டு எழுதினார்கள் என்று கண்டார்கள். உண்மைப்பெயர் வந்ததும் அந்தத் தரம் இறங்கியது. கட்டுக்குள் வைப்பது அரசு தந்த பெயர் அல்ல, அந்த இடத்தில் நாள்பட உழைத்துச் சேர்த்த பெயர் என்றே இதை நான் படிக்கிறேன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது பாதிக்கப்பட்டவரின் வாதம். என்னை மிரட்டியவன் யார் என்று தெரியாமல் நான் யாரிடம் போய் முறையிடுவேன்? அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் ஊருக்குத் தெரிவதும் சட்டத்துக்குத் தெரிவதும் வேறு வேறு. கொரியாவில் 'மினெர்வா' என்ற புனைபெயரில் லேமன் பிரதர்ஸ் வங்கியின் வீழ்ச்சியைக் கணித்துப் புகழ்பெற்றவரை 2009 ஜனவரியில் கண்டுபிடித்துக் கைது செய்ய முடிந்தது. அரசின் பொருளாதாரப் போக்கைக் கடுமையாக விமர்சித்தவர் அவர். ஏப்ரலில் நீதிமன்றம் விடுவித்தது. தேட நினைத்தால் தேட முடிகிறது என்பது ஒரு பாடம். யாரைத் தேடுகிறார்கள் என்பது இன்னொன்று. மிரட்டலுக்கு ஆளான பெண்ணுக்கு, நீதிமன்ற ஆணையின் பேரில் அந்த ஒருவனைத் துப்பறியும் காவல்துறை வேண்டும். அதற்காகக் கோடிக்கணக்கானவர்களின் அடையாளத்தை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்கத் தேவையில்லை. அடித்த கணவனிடமிருந்து தப்பி வந்து, வேறு பெயரில் உதவி கேட்கும் பெண்ணும் அந்தக் கோடிகளில் ஒருத்தி.

ஒரே ஆள் நூறு கணக்கு தொடங்கிக் கூட்டம்போலக் கத்துகிறாரே என்பது அடுத்த வாதம். இது உண்மையான சிக்கல். எளிய தீர்வு கிடையாது. ஆனால் அடையாள எண் அதைத் தீர்க்கும் என்று நம்ப முடியவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே, 2006-இல், திருடப்பட்ட குடிமக்கள் எண்களைக் கொண்டு 'லினேஜ்' என்ற இணைய விளையாட்டில் ஏராளமான கணக்குகள் தொடங்கப்பட்டது கொரியாவில் அம்பலமானது. சட்டம் போன பிறகு 2019-இல், இணைய வசைக்கு ஆளான கொரியப் பாடகி சல்லி இறந்தாரே என்று கேட்பவர்களும் உண்டு. சட்டம் இருந்தபோதும் இறந்தார்கள், இல்லாதபோதும் இறந்தார்கள் என்பதே அதற்கு வலிக்கிற பதில். அதன் பிறகு டாம், நேவர் என்ற கொரியத் தளங்கள் கேளிக்கைச் செய்திகளின் கீழ் பின்னூட்டத்தை மூடின. 2020 மார்ச்சில் நேவர் இன்னொன்றும் செய்தது: ஒரு புனைபெயரில் இதுவரை எழுதிய பின்னூட்டங்கள் அனைத்தையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தது. மட்டுறுத்தலுக்கு ஆள் வைப்பதும், பெயரின் பழைய கணக்கை விரித்துக் காட்டுவதும் செலவுபிடிக்கிற வேலைகள். பெயர் கேட்பது மலிவு. தளங்களுக்கும் அரசுகளுக்கும் அது பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் பெயரின் சுமை இன்னும் கூடுதல். ஒரு பெயரைக் கேட்டதும் மதமும் பாலும், பல மாநிலங்களில் சாதியும் தெரிந்துவிடும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது, பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆளை எடைபோடும் வழக்கத்துக்கு எதிராகத்தான். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் 2019-இல் விசாரணையில் இருந்தது. இணைய மிரட்டலைத் தடுப்பதே மனுவின் நோக்கம். ஆதார் இணைப்பு இயலாது என்றார்கள் நீதிபதிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் வந்த மத்திய அரசின் விதி, விரும்புகிற பயனர் மட்டும் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்கிறது. விரும்புகிறவர் என்ற அந்தச் சொல் நீக்கப்படாமல் இருக்கிற வரை, பேசப் பயப்படும் ஒருவர் வேறு பெயரில் பேசலாம்.