மூன்று முள்ளுக்குப் பதில் ஒரு முள்
குட்டையில் திரும்ப விடும் மீனைப் பிழைக்க வைக்கும் வழி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பண்ணைக்காரர்கள் பலர் தங்கள் நிலத்தில் ஒரு குட்டை வெட்டி வைத்திருக்கிறார்கள். மாடுகள் தண்ணீர் குடிப்பதற்கும் பாசனத்துக்கும் உதவும் இக்குட்டைகளில் மீனும் வளர்க்கப்படுகிறது. பாஸ், புளூகில் என்ற இரு வகைகளைச் சேர்த்து விடுவது அங்கு வழக்கம்.

புளூகில் உள்ளங்கை அகலமுள்ள மீன். புழு பூச்சிகளைத் தின்று வேகமாகப் பெருகும். பாஸ் அகன்ற வாயுடையது. நம் ஊர் விராலைப் போல நீர்ச்செடிகளின் மறைவில் காத்திருந்து, சிறு மீன்களைப் பாய்ந்து விழுங்கும். பாஸ் குறைந்துவிட்டால் புளூகில் அளவுக்கு மீறிப் பெருகும். இரை போதாமல் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். குட்டை நிறைய மீன் இருந்தும் குழம்புக்கு ஆகாது.

அலபாமா மாநிலத்தில், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் எனப்படும் கல்வி நிலையத்தில், ஹோமர் ஸ்விங்கிள் என்ற அறிஞர் 1930-களிலிருந்து இதை ஆராய்ந்தார். உரமிட்ட குட்டையில் ஏக்கருக்கு 1,000 புளூகில் குஞ்சுகளுக்கு 100 பாஸ் குஞ்சுகள் என்பது அங்கு நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த 100 பாஸ்களும் குட்டைக்குக் காவல்காரர்கள். ஆகவே குஞ்சு விட்ட முதல் ஓரிரு ஆண்டுகளில் பாஸ் தூண்டிலில் சிக்கினாலும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது பரிந்துரை. ஆனால் விட்ட மீன் பிழைத்தால்தான் பயன் உண்டு.

மும்முள்ளால் வரும் கேடு

பாஸ் பிடிக்க மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ சிறு மீன் போலச் செய்த பொய் இரையை வீசி இழுப்பார்கள். இதன் வயிற்றிலும் வாலிலும் மும்முள் தொங்கும். ஒரே தண்டில் மூன்று முள் சேர்ந்ததே மும்முள். ஆக, ஒரு பொய் இரையில் ஆறு முனைகள் இருக்கும். சிலவற்றில் ஒன்பதும் உண்டு.

மீன் கவ்வியதும் ஒரு முனை உதட்டில் ஏறும். மீன் துள்ளும்போது மற்ற முனைகள் கண்ணிலோ, கன்னத்திலோ, செவுளிலோ குத்தலாம். எல்லாவற்றையும் கழற்ற நேரம் ஆகும். அத்தனை நேரமும் மீன் தண்ணீருக்கு வெளியே மூச்சுவிட வழியின்றித் தவிக்கும். செவுள் கிழிந்து இரத்தம் கசியும் மீன் நீந்திப் போனாலும் பிறகு சாகக்கூடும்.

பிடிப்பவர் கையிலும் முள் ஏறும். அறுந்து கரையில் கிடக்கும் பொய் இரை, தண்ணீர் குடிக்க வரும் மாட்டின் குளம்பிடுக்கிலும் குழந்தைகளின் காலிலும் தைக்கலாம். முனை எத்தனை குறைகிறதோ, அத்தனைக்கு ஆபத்தும் குறையும்.

மாற்றும் முறை

பொய் இரையில் முள் தொங்குவது சாவி வளையம் போன்ற சுருள் வளையத்தில். குறடால் வளையத்தை விரித்து மும்முள்ளை எடுத்துவிட்டு, ஒற்றை முள்ளைக் கோக்கலாம். இதற்கென்றே துளை பெரிதாகவும், தொங்கும்போது கோணாமல் நேராக நிற்கும்படியும் செய்த ஒற்றை முட்கள் கிடைக்கின்றன.

ஒற்றை முள் எடை குறைந்தது. எனவே பழைய மும்முள்ளைவிட ஓரிரு அளவு பெரிதாக எடுக்க வேண்டும். ‘/0’ சேராத தூண்டில் முள் எண்களில், எண் குறையக் குறைய முள் பெரிதாகும் என்பதை நினைவில் கொள்ளவும். வயிற்று முள்ளின் முனை முன்னோக்கியும், வால் முள்ளின் முனை மேல்நோக்கியும் இருக்கட்டும். இரண்டு முள்ளும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நீளமாக இருக்கக்கூடாது.

மாற்றிய பிறகு ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு மிதந்தது போலவே மிதக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் முன்போலவே நெளிய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முள்ளின் அளவை மாற்றிப் பார்க்கவும். முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு நாக்கைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் இன்னும் எளிதாகக் கழலும்.

குறையும் உண்டு

ஒற்றை முள்ளில் சில கவ்வல்கள் தப்பும். நாக்கை நசுக்கிய முள்ளில் நரம்பைத் தளரவிட்டால் மீன் கழன்றுவிடும். ஆனால் செடி கொடியில் சிக்குவது குறையும். அறுந்துபோகும் பொய் இரையும் குறைவதால் காசு மிச்சம்.

முள்ளை மாற்றினால் மட்டும் போதாது. தொண்டைக்குள் இறங்கிய முள் ஒற்றையானாலும் கொல்லும். அப்படி விழுங்கிய முள்ளைப் பிடுங்காமல் நரம்பை வெட்டி விடுவது நல்லது. மீனை ஈரக்கையால் பிடிக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழுவழுப்பு போய் நோய் பற்றும். கூடுமானவரை தண்ணீரிலேயே வைத்துக் கழற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

பாஸ் மீனை நம் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவர யாரும் ஆசைப்பட வேண்டாம். ஜப்பானில் 1925-ல் கொண்டுவந்து விடப்பட்ட இம்மீன் ஏரிகளில் பரவி உள்நாட்டு மீன்களைத் தின்றது. 2005-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ், அனுமதியின்றி இதை வளர்ப்பதும் உயிரோடு கொண்டு செல்வதும் அங்கு தடுக்கப்பட்டுள்ளன.

ஆனால் முள் மாற்றும் முறை எந்த மீனுக்கும் பொருந்தும். நம் குட்டையில் பொய் இரை வீசி விரால் பிடிப்போரும், சிறு மீனைத் திரும்ப விடுவதானால், மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள்ளைக் கோத்துக்கொள்ளலாம். கழற்றிய மும்முள்ளைக் கரையில் எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைக்கவும்.