உட்சுவருக்கு நிறம் பூசுமுன்



தைப்பொங்கல் நெருங்கும் நாள்களில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மாரிமழை ஓய்ந்தும் ஓயாத மார்கழிக் கடைசியில், சுவர்கள் ஈரங் காயாதிருக்கும்பொழுதே, சுண்ணாம்பு கரைத்து அடித்துவிடுவார்கள். அவ்வாறு அடித்த வெள்ளை நிலைத்து நின்றது. இன்றோ அதே மார்கழியில், அதே சுவரில், விலை கொடுத்து வாங்கிய எமல்சன் பூச்சைப் பூசுகின்றோம். ஆடி பிறப்பதற்குள் அது கொப்புளித்து, ஓடு ஓடாகக் கழன்று, நிலத்திலே கிடக்கின்றது. கடைக்காரர் போலிச் சரக்கைத் தந்துவிட்டார் என்று சினந்துகொள்கின்றோம். பெரும்பாலும் குற்றம் கடைக்காரரிடமும் இல்லை, பூச்சிலும் இல்லை. சுண்ணாம்புக்கு ஏற்ற காலத்தையும் முறையையும், முற்றிலும் வேறான இயல்புடைய ஒரு பொருளுக்கு மாற்றமின்றிக் கையாண்டதனால் வந்த வினை அது.

இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை யாது? சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் சேர்ந்ததும் அது கொதித்து நீறுகின்றது. நீறிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடித்தால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிவிடுகின்றது. அந்த மாற்றம் நிகழ்வதற்கு ஈரம் வேண்டும். அதனாலேயே கைதேர்ந்த தொழிலாளர், சுவர் நன்கு காய்ந்திருந்தால் முதலில் நீர் தெளித்து நனைத்துவிட்டே வெள்ளையடிப்பர். அன்றியும், சுண்ணாம்புப் படை நுண்டுளைகள் நிறைந்தது. சுவர் குடித்த நீர் அத்துளைகள் வழியாக வெளியேறிவிடும். எமல்சன் அத்தகையதன்று. நீரிலே மிதக்கும் பிசின் துகள்கள், அந்நீர் வற்றும்பொழுது ஒன்றோடொன்று இணைந்து, சுவரின்மேல் மெல்லியதொரு தோலாகப் படிகின்றன. தோலுக்குப் பின்னால் ஈரம் இருந்தால், அது வெளியேற வழி தேடித் தோலைத் தள்ளும். தோலுக்குக் கீழே பழைய சுண்ணாம்புத் தூள் இருந்தால், தோல் அந்தத் தூளைப் பற்றிக்கொள்ளுமேயன்றிச் சுவரைப் பற்றாது.

ஆகவே, தம் வீட்டுக்குத் தாமே நிறம் பூச எண்ணுபவர் முதன்முதல் வாங்கவேண்டியது பூச்சுமன்று, தூரிகையுமன்று. அவர் முதலிற் சுவரை ஆராய்தல் வேண்டும். அதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கை வெளுத்தால், மேற்படை தூளாகியிருக்கின்றது என்பது தெளிவு. பின்னர், ஓரடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவினால் இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் சென்று பார்த்தால், தாளின் உட்புறத்திலே, அதாவது சுவரை நோக்கிய பக்கத்திலே, நீர்த்துளிகள் அரும்பியிருக்கக்கூடும். அப்படியாயின் ஈரம் சுவருக்குள் இருக்கின்றது. அந்தச் சுவர் இன்னும் காத்திருக்கவேண்டும். துளிகள் வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால், அது அறையின் காற்றிலுள்ள ஈரமே. சன்னல்களைத் திறந்து காற்றோட்டத்தை மிகுவித்தாற் போதும்.

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுவர்கள் வெளியேற்றுவதற்குச் சில கிழமைகள் ஆகும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே அங்கு எமல்சன் பூசுவதற்கு உகந்தவை. சோளகம் உரத்து வீசத் தொடங்கிவிட்டாற் புழுதியும் வந்துசேரும். பூச்சும் அளவுக்கு மிஞ்சிய விரைவில் உலர்ந்து, தூரிகை சென்ற தடங்களைக் காட்டும். கொழும்பிலும் தென்மேற்குப் பகுதிகளிலும் உள்ளவர்கள் தை முதல் பங்குனி வரையுள்ள வறண்ட காலத்தைப் பயன்படுத்தலாம். பொங்கலுக்கு வீடு வெளுக்கத்தான் வேண்டுமென்றால், சுண்ணாம்பையே அடியுங்கள் என்பது எனது கருத்து. சுண்ணாம்புக் கல்லினாலும் சுண்ணாம்புச் சாந்தினாலும் கட்டப்பட்ட பழைய வீடுகளுக்கு அதனினும் பொருத்தமான பூச்சு வேறில்லை. அதனை வறுமையின் அடையாளமாக எண்ணி நாணுவோர் உளர். அவ்வாறு நாணி, தடித்த பழஞ்சுவரைப் பளபளக்கும் பூச்சினால் மூடியவர்கள், ஆண்டுதோறும் அதனைச் சுரண்டிக்கொண்டிருக்கக் காண்கின்றோம். சுண்ணாம்பை நீற்றும்பொழுது மாத்திரம் அவதானம் வேண்டும். நீருள்ள வாளிக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுக. சுண்ணாம்பின்மேல் நீரைக் கொட்டற்க. அது சீறித் தெறிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு.

சில சுவர்களின் அடிப்பாகத்தில், நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை, பஞ்சுபோல் வெண்மையாக உப்புப் பூத்திருக்கும். நிலத்தடி நீர் சுவரின் நுண்டுளைகள் வழியாக மேலேறி, மேற்பரப்பில் ஆவியாகும்பொழுது, தன்னுடன் கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச்செல்கின்றது. கடலோர ஊர்களில் இது மிகுதி. இதனை நீர்கொண்டு கழுவுதல் ஆகாது. கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளே புகும். உலர்ந்த தும்புத் தூரிகையாற் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துவதே முறை. பின்னரும் பூக்குமாயின், நீர் ஏறும் காரணத்தை நீக்காமல் எந்தப் பூச்சும் அங்கே நிலைக்காது. கூரைத் தாழ்வாரத்து நீர் சுவரடியில் விழுகின்றதா, முற்றத்து மண் அத்திவாரத்துக்கு மேலாக உயர்ந்துவிட்டதா, குளியலறைக் குழாய் கசிகின்றதா என்று பார்க்கவேண்டும். இவற்றைத் திருத்த மண்வெட்டியே பலமுறை போதுமானது.

புதிதாகச் சீமெந்து பூசிய சுவர் வேறுவகைத் தொல்லை தரும். சீமெந்தில் காரத்தன்மை மிகுதி. எண்ணெய் கலந்த பூச்சை அதன்மேல் அவசரப்பட்டுப் பூசினால், காரமும் எண்ணெயும் கூடிச் சவர்க்காரமாக மாறிவிடும். சவர்க்காரம் செய்யும் ஆலையில் நிகழ்வதும் இதுவே. பூச்சுப் பிசுபிசுத்து, நிறம் மங்கி, கையோடு வருவதன் மருமம் இதுதான். குறைந்தது நான்கு கிழமை, மழைக்காலமாயின் அதற்கும் மேலாக, புதுச்சுவரை விட்டுவைத்து, பின்னர் காரந்தாங்கும் அடிப்பூச்சொன்றைப் பூசியே மேற்பூச்சைத் தொடங்குதல் வேண்டும்.

சுவர் உலர்ந்தது என்று கண்டபின், அதனை ஆயத்தஞ் செய்யும் வேலை வருகின்றது. உள்ளபடி சொல்வதானால், நிறம் பூசுவதிலும் பார்க்க இதற்கே நேரமும் தோள்வலியும் மிகுதி. புதிதாகப் பழகுபவர் வெறுப்பதும் இதனையே. பழைய சுண்ணாம்பைச் சுரண்டு தகட்டினால் இயன்றவரை எடுத்துவிட்டு, தும்புத் தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, உலரவிடுக. மீண்டும் உள்ளங்கைச் சோதனை செய்க. சிறு வெடிப்புகளைத் தகட்டின் முனையாற் சற்றே அகலமாக்கி, தூசி நீக்கி, புட்டியை மெல்லிய படைகளாக இருமுறை இட்டு நிரப்புக. ஒரேமுறையில் தடிப்பாக அப்பினால் அது சுருங்கி மீண்டும் வெடிக்கும். பூஞ்சணம் பிடித்த கரும்புள்ளிகள் இருப்பின், அவற்றின்மேல் நிறம் பூசினால் அவை பூச்சையும் ஊடுருவி வெளிவரும். நீர் கலந்த வெளிற்றுந் திரவத்தைத் தடவிச் சிறிது நேரம் விட்டுக் கழுவி, முற்றாக உலர்த்துதல் வேண்டும். அத்திரவத்துடன் கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு எழும்.

அடுக்களைப் புகையும், சுவாமியறையில் விளக்குச் சுடர் படும் இடத்துக் கரியும் தனித்துக் கூறத்தக்கவை. அவற்றைச் சவர்க்காரத் தூள் கரைத்த நீராற் கழுவியபின்னும் எஞ்சும் கறை, எமல்சனிலுள்ள நீரில் ஊறி மஞ்சளாக மேலே வந்து நிற்கும். இரண்டு முறை பூசினாலும், நான்கு முறை பூசினாலும் வரும். கறையை அடக்கும் எண்ணெய் அடிப்பூச்சை அந்த இடத்தில் மட்டும் ஒருமுறை தடவி உலர்த்தினால் அத்தொல்லை ஒழியும்.

எவ்வளவு பூச்சு வேண்டும் என்பது எளிய கணக்கு. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 44 அடி. ஆகவே நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு ஒன்றும் சன்னல் இரண்டும் ஏறத்தாழ 53 சதுர அடியைக் கழித்துவிடும். எஞ்சுவது 387. ஆயத்தஞ் செய்த சுவரில் ஓர் இலீற்றர் எமல்சன் ஒருமுறை பூசுவதற்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்குப் போதும் என்று வைத்துக்கொண்டால், இருமுறை பூசுவதற்கு எட்டு இலீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். 4 இலீற்றர்ப் பேணி இரண்டு வாங்கினாற் சரி. இரண்டையும் பெரிய வாளியொன்றில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். பேணிக்குப் பேணி நிறத்திற் சிறு வேறுபாடு இருக்கலாம். சுவரின் நடுவில் அது புலப்பட்டால் அழகன்று.

நிறத்தைத் தெரியும்பொழுது கடையிலுள்ள சிறிய அட்டையை நம்பற்க. நான்கு சுவரும் ஒரே நிறமானால் அது அட்டையிற் கண்டதிலும் கடுமையாகத் தோன்றும். சிறு பேணியொன்று வாங்கி, இரண்டு சுவர்களில் இரண்டடிச் சதுரமாகப் பூசி, காலையிலும் மாலையிலும் மின்வெளிச்சத்திலும் பாருங்கள். அகன்ற விறாந்தையினால் நிழலான நடு அறைகளுக்கு வெளிர்நிறமே தகும். மேடு பள்ளமுள்ள சுவருக்குப் பளபளப்பில்லாத பூச்சை இடுக. பளபளப்பு, சுவரின் ஒவ்வொரு குறையையும் ஊருக்கு எடுத்துரைக்கும்.

பூசும் முறை பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. முதலில் உட்கூரை, அடுத்துச் சுவர், பின்பு கதவும் சன்னலும். உட்கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாயின் அதனைச் சுரண்டவும் தேய்க்கவும் வேண்டாம்; அதன் தூள் சுவாசப்பைக்குப் பெருந்தீங்கு. சுவரின் மூலைகளையும் விளிம்புகளையும் இரண்டங்குலத் தூரிகையாற் பூசி, அவ்விளிம்பு உலருமுன் நடுப்பகுதியை உருளையினால் நிரப்புதல் வேண்டும். ஈரமான விளிம்போடு ஈரமான பூச்சுச் சேர்ந்தால் இணைப்புத் தெரியாது. தொடங்கிய சுவரை முடித்துவிட்டே தேநீருக்குச் செல்லுங்கள். அரைகுறையாக உலர்ந்த இடத்திற் கண்ட சிறு குறையைத் திருத்தப் போகாதீர்கள்; அடுத்த பூச்சில் அது மறையும். மின்விசைகளின் மூடியைக் கழற்றுவதாயின் முதலிற் பிரதான ஆளியை நிறுத்துக.

இனி, கதவு சன்னல்களைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். இங்கே கெடுவது பணம் மட்டுமன்று. பல்லாண்டு பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு மீண்டு வருவோரும், பெற்றோரின் பழைய வீட்டைப் புதுக்குவோரும், முதலிற் கை வைப்பது பச்சையும் மஞ்சளும் காவியுமாகப் படைமேற் படையாக எனமல் பூசிய கதவுகளிலேயே. அந்தப் பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். நிறத்தின் ஒளிக்காகவும் விரைந்து உலர்வதற்காகவும் அதனைச் சேர்த்தார்கள். கட்டிடங்களின் உட்புறத்துக்கு ஈயவெள்ளை உபயோகிப்பதைத் தடுக்கும் சமவாயமொன்றைச் சர்வதேசத் தொழில் தாபனம் 1921 ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தும், ஈயங்கலந்த எனமல்கள் உலகின் பல நாடுகளில் நெடுங்காலம் விற்கப்பட்டன. இலங்கையில் 2013 ஆம் ஆண்டு முதல் பூச்சுகளிலுள்ள ஈயத்துக்குச் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டது. அதற்கு முந்திய எனமல் எதனையும் ஈயமுள்ளதென்றே கருதி நடத்தல் நன்று.

அப்பூச்சு மரத்தில் இறுகி இருக்கும்வரை தீங்கு குறைவு. அதனை உலர்ந்த அரத்தாளாற் தேய்க்கும்பொழுதும், தீச்சுவாலையால் உருக்கும்பொழுதுமே நஞ்சு தூளாகவும் புகையாகவும் வீடெங்கும் பரவுகின்றது. நிலத்திற் படிந்த தூள், தவழும் குழந்தையின் கையிலிருந்து வாய்க்குச் செல்கின்றது. குழந்தையின் வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். கருவிலுள்ள சிசுவையும் அது சென்றடையும். தீங்கற்றதென்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார தாபனம் கூறுகின்றது.

ஆதலின், பழைய எனமல் உரியாமல் உறுதியாக இருந்தால் அதனை அகற்ற முயலாதீர்கள். சவர்க்கார நீராற் கழுவி, நீர் தாங்கும் அரத்தாளை நனைத்துப் பளபளப்பு நீங்குமளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்து, ஈரத்துணியாற் துடைத்து, உலர்ந்தபின் அதன்மேலேயே புதுப்பூச்சைப் பூசலாம். உரிந்த இடங்களையும் ஈரமாக வைத்தே சுரண்டுக. வேலை நடக்கும் அறைக்குக் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வராதிருத்தல் வேண்டும். நிலத்திற் பொலித்தீன் விரித்து, கதவுகளைக் கழற்றக்கூடுமாயின் வெளியே கொண்டுசென்று செய்வது மேலும் நன்று. மாலையில் விளக்குமாற்றாற் கூட்டாமல் ஈரத்துணியால் நிலத்தைத் துடைத்து, உடுத்த உடையைத் தனியே துவைத்து, கைகழுவிய பின்னரே உணவு கொள்க.

சுரண்டி எடுத்த செதில்களை விரிப்போடு சுருட்டிப் பையில் இட்டுக் கட்டி, கழிவு சேகரிக்க வரும் உள்ளூராட்சி ஊழியரிடம் இன்னதென்று சொல்லி ஒப்படையுங்கள். அவற்றை எரிக்கவோ, கோழிகள் கிளறும் வளவிற் கொட்டவோ, கத்தரித் தோட்டத்திற் புதைக்கவோ கூடாது. துணி அலம்பிய நீரையும் கிணற்றடியில் ஊற்றவேண்டாம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பாறையில் நீர் தங்கி வடிவதில்லை. வெடிப்புகள் வழியாக விரைந்து நிலத்தடி நீரைச் சென்று சேர்கின்றது.