சார்ஜ்பீயைத் தரவுக்குழாயின் மூலமாக அமைத்தல்

சார்ஜ்பீ என்பது 2011-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சந்தாக் கட்டண மேலாண்மைத் தளமாகும். இதிலுள்ள வாடிக்கையாளர், சந்தா, இன்வாய்ஸ், பணப்பரிமாற்றப் பதிவுகளை நிறுவனத்தின் தரவுக்கிடங்கில் தானாகக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் அமைப்பு தரவுக்குழாய் (டேட்டா பைப்லைன்) எனப்படும். பதிவுகள் புறப்படும் இடம் 'மூலம்' ஆகும்.

அமைக்கும் முறை

இணைப்புக்குத் தளப்பெயர், ஏபிஐ திறவுகோல், எந்த நாள் முதல் பதிவுகள் வேண்டும் என்ற தொடக்க நாள் ஆகியவை தேவை. முதலில் சோதனைத் தளத்தில் இணைத்துப் பார்ப்பது நல்லது. அதில் உண்மையான பணம் கைமாறுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

* திறவுகோல்: படிக்க மட்டும் அனுமதிக்கும் திறவுகோலே போதும். முழு உரிமையுள்ள திறவுகோல் பிறரிடம் சிக்கினால், அவர்களால் சந்தாக்களை ரத்து செய்ய இயலும். பணத்தையும் திருப்பியளிக்க இயலும்.
* தொகை: ரூபாய்த் தொகைகள் பைசாவில் வரும். ₹500 என்பது 50000 என இருக்கும். 100-ஆல் வகுக்காவிட்டால் வருவாய் 100 மடங்காகத் தெரியும். பைசா போன்ற சிற்றலகு இல்லாத ஜப்பானிய யென்னை வகுக்கக் கூடாது.
* நேரம்: பதிவுகளின் நேரம் உலகப் பொது நேரத்தை ஒட்டியது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னது. மாற்றாமல் விட்டால், ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்கு வந்த பணம் மார்ச் 31-க்குரியதாகி, முந்தைய நிதியாண்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.