பெண்ணுடலில் அந்திரோசன் மிகை: நோயும் பெயரும்

அந்திரோசன் ஆணுக்கே உரிய ஓமோன் என்ற கருத்துப் பரவலாக நிலவுகின்றது. உண்மையிற் பெண்ணின் சூலகங்களும் அதிரீனற் சுரப்பிகளும் அதனை இயல்பாகவே சுரக்கின்றன. பெண்மைக்குரியதெனக் கொள்ளப்படும் ஈஸ்திரோசனும் அந்திரோசனிலிருந்தே ஆக்கப்படுகின்றது. எனவே பிரச்சினை அதன் இருப்பிலன்று, மிகையிலேயே உள்ளது.

முகத்திலும் மார்பிலும் தடித்த உரோமம் வளர்தல், நீடித்த முகப்பரு, தலைமயிர் ஐதாதல், மாதவிடாய் ஒழுங்கின்மை, சூல் வெளியேறாமை ஆகியன இம்மிகையின் விளைவுகளாகும். இதற்குரிய காரணங்களுள் மிகப் பரவலானது, பல நீர்க்கட்டிச் சூலக நோய் எனப்படுவது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதத்தினர் இதற்கு உட்பட்டுள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களிடையே நடாத்தப்பெற்று 2008 இல் வெளிவந்த ஆய்வு 6.3 சதவீதத்தினரிடம் இதனைக் கண்டது.

இந்நோய் அறியப்பட்ட வரலாறு கூர்ந்து நோக்கத்தக்கது. 1921 இல் பிரெஞ்சு மருத்துவர்களான அஷார், தியே ஆகியோர் 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' என்ற பெயரில் ஒரு நிலைமையை விவரித்தனர். 1935 இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவென்தால் ஆகியோர் மாதவிடாய் நின்றும் சூலகம் பருத்தும் இருந்த ஏழு பெண்களை ஆராய்ந்தனர். சூலகத்தின் ஒரு பகுதியை வெட்டியகற்றியதும் எழுவருக்கும் மாதவிடாய் திரும்பிற்று; இருவர் கருவுற்றனர். முதலாவது பெயர் பெண்ணின் தோற்றத்தை முன்னிறுத்திற்று. இரண்டாவது ஆய்வு அவளது மகப்பேற்றை முன்னிறுத்திற்று. பெண்ணை அழகாலும் தாய்மையாலும் மட்டுமே அளக்கும் சமுதாயத்தின் பார்வை மருத்துவத்துள்ளும் தொழிற்பட்டமைக்கு இது சான்றாகும். 1921 ஆம் ஆண்டுப் பெயரிலேயே இடம்பெற்றிருந்த நீரிழிவு, இப்பார்வையிற் பின்தள்ளப்பட்டது. 1980 இலேயே இந்நோயாளரிடத்து இன்சுலின் மிகைக்கும் அந்திரோசன் மிகைக்குமுள்ள தொடர்பு ஆய்வு வாயிலாக எடுத்துக்காட்டப்பட்டது.

அத்தொடர்பு பின்வருமாறு அமைகின்றது. உடலின் இழையங்கள் இன்சுலினுக்குச் சரிவர இயைபுறாதபோது அதன் அளவு குருதியில் உயர்கின்றது. மிகையான இன்சுலின் சூலகத்தைத் தூண்டி அந்திரோசனைப் பெருக்குகின்றது; தெஸ்தொஸ்தரோனைப் பிணைத்து வைக்கும் புரதத்தை ஈரல் ஆக்குவதையும் குறைக்கின்றது. இதனாற் கட்டற்ற தெஸ்தொஸ்தரோன் அதிகரிக்கின்றது. சூல்கள் முதிராது இடையில் நின்றுவிடுகின்றன. 'நீர்க்கட்டி' எனப்படுவன அவ்வாறு தேங்கிய சூற்புடைப்புகளேயன்றி உண்மையான கட்டிகளல்ல. ஆகவே இது சூலகத்தின் நோய் மட்டுமன்று; நீரிழிவு, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான அபாயமும் இதனுடன் இணைந்துள்ளது.

இவ்வுண்மை வீடுகளை எட்டாமைக்குச் சமூகக் காரணங்கள் உள. முகத்தில் உரோமம் வளர்வதை வெட்கத்திற்குரியதாகக் கருதும் பெண் அதனை மறைக்கின்றாள். அவ்வெட்கத்தை அழகுசாதன வணிகம் சந்தையாக்குகின்றது. குழந்தையில்லாதவளை 'மலடி' என்னும் வழக்கு, உடலியற் கோளாறொன்றை ஒழுக்கக் குறையாக மாற்றுகின்றது. திருமணப் பேச்சுக் குலைந்துவிடும் என்ற அச்சம் கன்னிப்பெண்களை மருத்துவரிடமிருந்து விலக்குகின்றது. நாட்கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவியலாத உழைக்கும் பெண்ணுக்கோ இத்தடை இருமடங்காகின்றது. நோயுற்றோரில் 70 சதவீதம் வரையானோர் கண்டறியப்படாதுள்ளனர் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கூற்றை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

சிகிச்சை உண்டு. உணவு ஒழுங்கும் உடலுழைப்பும் அடிப்படையானவை. மாதவிடாயைச் சீராக்கவும் உரோம வளர்ச்சியைக் குறைக்கவும் கருத்தடை மாத்திரைகளும், இன்சுலின் தொழிற்பாட்டைத் திருத்த மெற்போமினும், சூல் வெளியேற லெற்றொசோலும் மருத்துவரால் வழங்கப்படுகின்றன. சில மாதங்களுக்குள் உரோமம் விரைந்து பெருகிக் குரலும் தடிக்குமாயின் கழலை ஒன்று இருக்கக்கூடுமாதலால் தாமதமின்றிப் பரிசோதித்தல் அவசியம்.

குழந்தை பிறந்ததும் அல்லது உரோமம் மறைந்ததும் நோய் தீர்ந்ததெனக் கொள்வது பழைய பார்வையின் எச்சமேயாகும். மகப்பேற்றை விரும்பாத பெண்ணுக்கும், அதன் வயதைக் கடந்த பெண்ணுக்கும் குருதிச் சீனிப் பரிசோதனை உரிமையானது. பெண்ணின் உடல்நலம் அவள்பொருட்டே பேணப்படல் வேண்டும் என்பதே இதுகாறும் நோக்கியவற்றாற் பெறப்படும் முடிபாகும்.