வாய் திறந்த சப்பாத்து



எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் காலையில் எழும்பியதும் வயிற்றுவலி என்பாள். பாடசாலை தொடங்கி அரை மணித்தியாலம் சென்றதும் வலி போய்விடும். மூன்றாம் நாள் தாய் அவளை அடுப்படியில் இருத்தி மெல்ல விசாரித்தார்.

"அம்மா, என்ரை சப்பாத்து வாயைத் திறந்திட்டுது. 'முதலை வருது' எண்டு பிள்ளையள் சிரிக்கினம்."

கணவரைப் போரில் இழந்து கூலி வேலை செய்து பிள்ளைகளைப் பார்க்கும் அந்தத் தாய்க்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் நாட்டின் இலவசக் கல்வி 1945இல் ஆரம்பமானது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. எல்லோரும் ஒரே வெள்ளை உடையில் வந்தாலும் சப்பாத்து, புத்தகப்பை, இடைவேளைச் சாப்பாடு, சுற்றுலாக் காசு ஆகியவை இல்லாத பிள்ளையைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கொப்பி, சப்பாத்து விலைகள் ஏறியபோது இன்னும் பல வீடுகள் இந்த நிலைக்கு வந்தன.

1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் மரநிழலில் படித்தவர்கள் எங்களுள் இருக்கிறார்கள். ஒருவரிடமும் எதுவும் இல்லாதபோது இல்லாமை வெட்கமாகத் தெரியவில்லை. சிலருக்கு இருந்து சிலருக்கு இல்லாமற் போனபோதே கேலி பிறந்தது.

சிரிக்கும் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். "அவையளோடை சேராதை" என்று வீட்டில் நாம் சொல்வதைத்தான் அவர்கள் வகுப்பறையில் திருப்பிச் சொல்கிறார்கள்.

பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தால் அடிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பகிடி பண்ணியதை வந்து சொன்னால் சேர்ந்து சிரிக்காதீர்கள். காசு கொண்டுவராத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தாமல் இருப்பது ஆசிரியர்களின் கடமை. உதவி செய்பவர்களும் பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் படம் எடுக்காமல் வீட்டில் அமைதியாகக் கொடுக்கலாம்.

அந்தத் தாய் அன்று மாலை சந்தியில் சப்பாத்தைத் தைப்பித்தார். வரும் வழியில் அயல்வீட்டுப் பெண்ணிடம் மனம் விட்டுக் கதைத்தார். மறுநாள் காலை படலையடியில் ஒரு குரல் கேட்டது: "வாடி, சேர்ந்து போவம்."

அயல்வீட்டுப் பிள்ளைதான் நின்றாள். முதல்நாள் சிரித்தவர்களுள் அவளும் ஒருத்தி. அவளுடைய தாய்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அயல்வீட்டுத் தாயாக நாம் ஒவ்வொருவரும் இருக்கலாம், சகோதரிகளே. அதற்குக் காசு தேவையில்லை.