சடுகுடுக் களத்தில் தீரும் தயக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வார்டின் சன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "நோயாளியெல்லாம் இங்க படுத்துக் கெடக்காவ, டாக்டர்மாரு அங்க சடுகுடு வெளாடுதாவளே?"

நியாயமான கேள்வி. பணிநேரத்தில் இருப்போர் வார்டை விட்டு அகல்வதில்லை. பணி முடிந்தவர்களே ஆடுகின்றனர். ஆயினும் அவர்கள் ஏன் ஆட வேண்டும் என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்தவர்கள் ஓராண்டுக் காலம் பயிற்சி மருத்துவர்களாகத் துறை துறையாக மாறிப் பணியாற்றுகின்றனர். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவரும் தொலைவிலுள்ள மாவட்டத்தவரும் ஒருவரையொருவர் அறியுமுன்பே, நள்ளிரவில் சேர்ந்து ஓர் உயிரைக் காக்க வேண்டியிருக்கிறது. எங்களுள் ஒருவர் தம் பயிற்சிக் காலத்தில், நோயாளியின் சிறுநீர் குறைந்துவருவதைக் கண்டும், மூத்தவரை எழுப்பத் தயங்கி விடியும்வரை காத்திருந்தார். நோயாளி பிழைத்தார், ஆனால் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அங்கே குறைவாயிருந்தது அறிவன்று, துணிவு.

சடுகுடுவில் அணிக்கு ஏழு பேர். பாடி வருபவரின் காலை ஒருவர் பற்றிய கணமே மற்றவர்கள் வந்து சேர வேண்டும். இல்லையேல் பிடித்தவர் இழுபட்டுப் போவார். உதவி கேட்டுக் குரல் கொடுக்க வெட்கப்படுபவரால் அணிக்குப் பயனில்லை. மூத்தவர்களாகிய நாங்களும் அங்கே மண்ணில் விழுகிறோம். காலையில் எங்களை வீழ்த்திய இளைஞர், இரவில் எங்களைத் தொலைபேசியில் அழைக்கத் தயங்குவதில்லை. சடுகுடு வேண்டாதவர்களுக்கு எறிபந்து உண்டு, எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆட்டம் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல், கீறலுக்கு முன் குழுவினர் அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்கிறது. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அப்பட்டியலைப் பின்பற்றியபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இலண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை, இதய அறுவைக்குப் பின் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும் முறையை, ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயக் குழுவினரைப் பார்த்துச் சீரமைத்தது. யார் என்ன செய்வார் என்பது முன்னரே தெளிவாயிருந்தால் பிழை குறையும்.

நோயாளிகளும் உறவினர்களும் இதில் எங்களுக்கு உதவலாம். பணி மாறும் வேளையில், இரவுப் பொறுப்பு எந்த மருத்துவருடையது என்று கேளுங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால், புதிதாக வருபவரிடம் மீண்டும் சொல்லுங்கள். நோயாளியிடம் மாற்றம் கண்டால், "காலையில் சொல்லிக்கொள்வோம்" என்று காத்திராதீர்கள். உடனே எங்களை அழையுங்கள், எந்நேரமாயினும் வருவோம்.