மென்பொருள் பிழையா, தரவுப் பிழையா, என் பிழையா?

சில வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு தப்பான கணக்கைச் சொல்லிவிட்டேன். வங்கிப் பங்குகளின் வருடாந்திர லாப நஷ்டத்தை ஒரு அட்டவணையாகப் போட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் ரொம்ப நாளாக எச்டிஎஃப்சி வங்கிப் பங்கு வைத்திருப்பவர். 2018 கடைசியில் விலை சுமார் 2,120 ரூபாய், 2019 கடைசியில் சுமார் 1,270. என் நிரல் 40 சதவீத நஷ்டம் என்று காட்டியது.

எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நூலகத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், பதிப்பை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் முந்நூறு வரி நிரலை அப்படியே ஒட்டி, "தவறான விலை வருகிறது, உதவவும்" என்று தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. சரி, எண் உண்மைதான் போல என்று முடிவு பண்ணி சித்தப்பாவிடம் சொன்னேன்.

"நீ சொன்னா சரிதான்டா. அப்போ வித்துடலாமா?" என்றார். ஓய்வு பெற்றவர், சேமிப்பில் பெரும்பங்கு அதில் இருந்தது. நல்லவேளை, விற்பதற்கு முன்னால் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "முதல்ல 150 பங்கு இருந்துச்சு, இப்போ 300ன்னு போட்டிருக்கே. அதையும் சேர்த்துத்தான் சொல்றியா?"

அங்கேதான் எல்லாம் புரிந்தது. 2019 செப்டம்பர் 19 முதல் அந்தப் பங்கின் முகமதிப்பு 2 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரிந்தது. ஒரு பங்கு இரண்டானது, விலை பாதியானது. இதைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டால் அந்த வருஷம் சுமார் 20 சதவீத லாபம். நான் இறக்கிய கோப்பில் அன்றைய விலை ஒரு நெடுவரிசை, சரிக்கட்டிய விலை இன்னொரு நெடுவரிசை என்று இரண்டுமே இருந்தன. நான் எடுத்தது தப்பானதை. மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வருஷக் கடைசி விலைகளை மட்டும் பார்த்ததால் ஒரே நாளில் விழுந்த சரிவும் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து உதவி தேடும் முன் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: தரவின் அர்த்தம், மென்பொருள் இயங்கும் விதம், என் நிரல். ஒவ்வொன்றுக்கும் உதவி கிடைக்கும் இடம் வேறு.

தரவின் அர்த்தத்தை நிரல் எழுதுபவரிடம் கேட்டுப் பயனில்லை. அதே வாரத்தையே பாருங்கள். செப்டம்பர் 19 அன்று விலை பாதியானது வெறும் கணக்கு. மறுநாள், செப்டம்பர் 20, நிறுவன வரிக் குறைப்பு அறிவிப்பு வந்தது. சென்செக்ஸ் ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. அது நிஜம். 'பெரிய தாவல்களை நீக்கு' என்று ஒரு வடிகட்டி எழுதினால் இரண்டையும் சேர்த்தே தூக்கி எறியலாம். எது நிஜம் என்று நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தரும் அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

மென்பொருள் இயங்கும் விதத்துக்கு அதன் ஆவணமே முதல் உதவி. ப்ளூம்பெர்க் டெர்மினலில் பச்சை நிற ஹெல்ப் விசையை இரண்டு முறை தட்டினால் ஒரு ஆளே உரையாட வருவார். அதற்கான சந்தா நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இலவச நூலகங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அதனால் ஆர் மொழியில் கட்டளையின் பெயருக்கு முன் ஒரு கேள்விக்குறி, பைத்தானில் ஹெல்ப் என்ற கட்டளை, இவற்றிலிருந்து தொடங்குங்கள். குறிப்பாக, 'சரிக்கட்டுதல்' இயல்பாகவே நடக்கிறதா, நாம் கேட்டால்தான் நடக்குமா என்று பாருங்கள். நேர மண்டலத்தையும் பாருங்கள்: இந்திய நள்ளிரவு உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை 6.30. தேதி ஒரு நாள் தள்ளித் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இரண்டும் சரி என்றால் மிச்சம் இருப்பது நம் நிரல். அதைக் கேட்கும்போது கேள்வியைச் சுருக்க வேண்டும். ஒரே ஒரு பங்கு, ஐந்து நாள், பத்து வரி நிரல். திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், அதை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆர் மொழியில் டிபுட் என்ற கட்டளை தரவை ஒட்டக்கூடிய எழுத்தாகத் தரும். செஷன்இன்ஃபோ பதிப்பு விவரம் தரும். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எதிர்பார்த்ததற்கு ஆதாரம் என்ன, இந்த மூன்றையும் எழுதுங்கள். நான் அன்றைக்கு ஐந்து நாளாகச் சுருக்கியிருந்தால் செப்டம்பர் 19 தானாகவே கண்ணில் பட்டிருக்கும். யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம்.

தரவை இறக்கிய தேதியையும் குறிப்பிடுங்கள். சரிக்கட்டிய பழைய விலை நிலையானது இல்லை. அதே வங்கி 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. அதனால் அந்த 2,120 ரூபாய், பிரிவையும் போனஸையும் சரிக்கட்டினால் சுமார் 530 ஆகிவிடும். உங்கள் எண்ணும் உதவுபவரின் எண்ணும் வேறு வேறாக இருந்து, இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: அவசரத்தில் நிரலோடு சேர்த்து ஏபிஐ சாவி, டீமேட் எண், பான் எண்ணை ஒட்டிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய தரவைப் பொதுவில் போட உரிமமும் இடம் தராமல் போகலாம். அதே வடிவத்தில் பொய்யாக ஐந்து எண் எழுதிக் காட்டினால் போதும்.

சித்தப்பா பங்கை விற்கவில்லை. இப்போதெல்லாம் அவரிடம் எந்த எண்ணைச் சொல்வதாக இருந்தாலும், முதலில் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.